மல்லாட்டை, முட்டை அட்டை, ஈர்க்குச்சி: சின்ன பிள்ளைங்களுக்கு தோட்டத்துல கணக்கு சொல்லித்தர ஆரம்பிக்கிறவங்களுக்கு

என் பொண்ணு யூகேஜி படிச்சப்போ ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் மூச்சு விடாம சொல்லுவா. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லச் சொல்லி கேப்போம், அவளும் பாட்டு மாதிரி சொல்லுவா. அந்த வருஷம் ஆடி மாசம் மாடியில வெண்டை போடலாம்னு எட்டு தொட்டியில மண்ணு ரொப்பி வெச்சுட்டு, கீழ அடுப்படியில விதை டப்பா இருக்கு, தொட்டிக்கு ரெண்டு விதை வேணும், எண்ணி எடுத்துட்டு வாம்மான்னு அனுப்புனேன். மொத தடவை அஞ்சு எடுத்துட்டு வந்தா, மூணாவது தொட்டியிலயே தீந்து போச்சு. ரெண்டாவது தடவை ரெண்டு கையும் சேத்து அள்ளிட்டு வந்தா, பாதி படியிலயே கொட்டிடுச்சு. மூணாவது தடவை உடனே கீழ போகல. கொஞ்ச நேரம் தொட்டிங்களையே பாத்துட்டு நின்னா, அப்புறம் மாடியில கெடந்த ஜல்லிக்கல்லை பொறுக்கி ஒவ்வொரு தொட்டி ஓரத்துலயும் ரெண்டு ரெண்டா வெச்சா, எல்லாத்தையும் திரும்ப ஃப்ராக்ல அள்ளிக்கிட்டு கீழ போய் ஒரு கல்லுக்கு ஒரு விதைன்னு ஜோடி சேத்து எடுத்துட்டு வந்தா. சரியா பதினாறு. இதை யாரும் அவளுக்கு சொல்லித்தரல.

நம்பர் சொல்றது வேற, எண்ணுறது வேறன்னு எனக்கு அன்னிக்குத்தான் நல்லா உறைச்சுது. எண்ணித்தான் ஆகணும்ங்கற தேவை வந்தாத்தான் பிள்ளை எண்ணும். "இது எத்தனை சொல்லு, அது எத்தனை சொல்லு"ன்னு நாம கேள்வி கேட்டுட்டே இருந்தா அது பரீட்சை, அதுல குழந்தைக்கு ஒண்ணும் கிடைக்காது, நமக்கே பதில் தெரியும்னு அதுக்கும் தெரியும். ஆனா விதை பத்தலைன்னா ஒரு தொட்டி காலியா போயிடும், அது நெஜமான பிரச்சினை. கீழ எழுதியிருக்கிறது எல்லாமே இந்த ஒரு விஷயத்தை சுத்தித்தான் வரும். கடலூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியிலயும், பாண்டியில லாஸ்பேட்டைல எங்க அக்கா வீட்டு வாசல்லயும் ரெண்டு வீட்டு பிள்ளைங்களோட நாலஞ்சு வருஷமா செஞ்சு பாத்ததைத்தான் எழுதுறேன். மூணு வயசுல இருந்து எட்டு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு ஆகும்.

இது ஒண்ணும் புது யோசனையும் இல்லைங்க. எல்கேஜி யூகேஜின்னு சொல்றோமே, அதுல வர்ற 'கேஜி' கிண்டர்கார்டன்ங்கற ஜெர்மன் வார்த்தை, குழந்தைகளோட தோட்டம்னு அர்த்தம். ஃப்ரோபெல்னு ஒருத்தர் 1840-ல தன்னோட பள்ளிக்கு அந்த பேரை வெச்சார், அங்க பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு சின்ன பாத்தி சொந்தமா குடுத்திருந்தாங்க. பேரு மட்டும் நம்ம ஊரு வரைக்கும் வந்துடுச்சு, பாத்தி வரல.

என்னென்ன வேணும்

பெருசா ஒண்ணும் வாங்க வேணாம். நாலு தொட்டி இல்லன்னா பழைய பெயிண்ட் பக்கெட், அடியில ஓட்டை போட்டு. மண்ணு, எரு. கடலோரம் இருக்கிறவங்களுக்கு வீட்டு மண்ணு வெறும் மணலா இருக்கும், தண்ணி நிக்காது, அதனால மணலுக்கு சமமா மக்குன எருவும் கொஞ்சம் செம்மண்ணும் கலந்துக்குங்க, இந்த கலவையை பிள்ளைங்களையே கலக்க விடுங்க, "மூணு சட்டி மணல், மூணு சட்டி எரு, ஒரு சட்டி செம்மண்"ணுன்னு சொன்னா போதும், அதுவே ஒரு கணக்கு. சில தெருவுல போர் தண்ணி உப்பு கரிக்கும், அந்த தண்ணியில விதை சரியா முளைக்காது, குழாய் தண்ணியோ பிடிச்சு வெச்ச மழைத்தண்ணியோ ஊத்துங்க.

அப்புறம் முட்டை அட்டை ஒண்ணு. கடையில முப்பது முட்டை வெச்சிருக்கிற அட்டைதான், ஒரு பக்கம் அஞ்சு குழி இன்னொரு பக்கம் ஆறு குழி. இதைவிட நல்ல கணக்கு சாமான் காசு குடுத்தாலும் கிடைக்காதுன்னு நான் நெனைக்கிறேன். முட்டை உடைஞ்சு ஒழுகுன அட்டை வேணாம், சுத்தமானதா பாத்து ரெண்டு நாள் நல்ல வெயில்ல காய வெச்சுட்டு எடுங்க. அதுலயே அஞ்சு குழி ரெண்டு வரிசை வர்ற மாதிரி கத்தரிச்சு பத்து குழி அட்டை தனியா ஒண்ணு வெச்சுக்குங்க.

விதைக்கு அடுப்படியே போதும். பச்சைப்பயறு, காராமணி, வெந்தயம், தனியா, தோலோட இருக்கிற பச்சை மல்லாட்டை. (வேர்க்கடலைன்னு சொல்றவங்களுக்கு, நாங்க இந்த பக்கம் மல்லாட்டைன்னுதான் சொல்லுவோம்.) வறுத்தது, அவிச்சது முளைக்காது. வெண்டை, கீரை விதை மட்டும் வாங்கணும். பண்ருட்டி போற வழியில பாலூர்ல அரசு காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அந்த பக்கம் போறவங்க விதை கிடைக்குமான்னு கேட்டு பாக்கலாம்.

இப்ப ஜாக்கிரதை விஷயம், இதை தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க. கடை பாக்கெட்ல விதை ரோஸ் கலர்லயோ நீல கலர்லயோ இருந்தா அது மருந்து தடவுன விதை, பிள்ளை கையில குடுக்கவே கூடாது, நீங்களே போட்டுட்டு கையை சோப்பு போட்டு கழுவுங்க. குன்றிமணி அழகா செக்கச்செவேல்னு இருக்கும், எண்ண ஆசையா இருக்கும், ஆனா மென்னு முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு, அரளி, ஊமத்தை விதையும் அப்படித்தான், வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க. நம்ம மாவட்டத்துல முந்திரி நெறைய, ஆனா பச்சை முந்திரிக்கொட்டை தோட்டுல இருக்கிற எண்ணெய் தோலை பொத்து போக வெச்சிடும், அதுவும் வேணாம். மூணு நாலு வயசு பிள்ளைங்க பயறு கடலையை மூக்குல காதுல போட்டுக்கும், தொண்டையில சிக்கும், அதனால அதுங்களோட உக்காரும்போது பெரிய கொட்டையா எடுங்க, பலாக்கொட்டை மாதிரி, பக்கத்துலயே இருங்க. பக்கெட்ல தண்ணி ரொப்பி வெச்சுட்டு குட்டிப்பிள்ளையை தனியா விட்டுட்டு போகாதீங்க. மொட்டை மாடின்னா கைப்பிடிச்சுவர் உயரம் பாருங்க, சுவத்துக்கு பக்கத்துல தொட்டி வெச்சா அது மேல ஏறி எட்டி பாக்கும்.

எப்ப ஆரம்பிக்கிறது

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மா சொல்லல, ஆடி மாசம் நல்ல ஆரம்பம். இல்லன்னா மழை எல்லாம் ஓஞ்சு தை மாசம். ஐப்பசி கார்த்திகையில நம்ம கடலோரத்துல அடிக்கிற மழைக்கு சின்ன நாத்து நிக்காது, பிள்ளை ஆசையா போட்டது ஒரே ராத்திரியில அழுகிப் போனா மனசு ஒடிஞ்சு போயிடும். கத்திரி வெயில்லயும் வேணாம். அந்த மாசங்கள்ல வீட்டுக்குள்ளயே செய்யறதுக்கு இருக்கு, பின்னாடி சொல்றேன்.

முதல் நாள்: உரிச்சு, பிரிச்சு, ஜோடி சேக்கிறது

மண்ணை தொடாதீங்க இன்னிக்கு. ஒரு முறத்துல தோலோட மல்லாட்டை கொஞ்சம் கொட்டி சுத்தி உக்காருங்க. உரிக்கறதுக்கு முன்னாடி, இதுக்குள்ள எத்தனை பருப்பு இருக்கும்னு ஆளுக்கொரு பதில் சொல்லணும், அப்புறம் உடைச்சு பாக்கணும். நெறைய தோட்டுல ரெண்டு இருக்கும், சிலதுல ஒண்ணு, எப்பவாவது மூணு. ஒண்ணு இருந்த தோடு ஒரு வரிசை, ரெண்டு இருந்தது ஒரு வரிசை, மூணு ஒரு வரிசைன்னு தரையில நீளமா அடுக்கச் சொல்லுங்க. எந்த வரிசை நீளம்னு பாத்தாலே தெரிஞ்சிடும், எண்ணக்கூட வேணாம். இதுதாங்க பெரிய வகுப்புல பட்டை வரைபடம்னு போடறது. எங்க அக்கா பையன் அப்ப நாலு வயசு, மூணு வரிசைக்கு ஒரே ஒரு தோடுதான் கெடைச்சுதுன்னு அதை தூக்கிப் போடாம பாக்கெட்லயே வெச்சுட்டு சுத்துனான்.

ஒண்ணுக்கு ஒண்ணுங்கறதை புரிய வெக்கிறதுக்கு பலாப்பழம் மாதிரி ஒண்ணு இல்ல. பண்ருட்டி பழம் வர்ற சீசன்ல ஒரு துண்டு வாங்கி சுளை எடுக்கும்போது பிள்ளையை உக்கார வெச்சுக்குங்க. ஒரு சுளைக்கு ஒரு கொட்டை. சுளையை எல்லாம் சாப்பிட்டாச்சு, இனிமே எத்தனை சுளை சாப்பிட்டோம்னு எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கேளுங்க. கொட்டையை எண்ணுனா போதும்னு அதுவா சொல்லும் பாருங்க, அந்த நிமிஷம் அதோட முகத்தை பாக்கணும்.

மூணு வயசு பிள்ளைக்கு எண்ணவே வேணாம், பிரிச்சா போதும். பெருசு சின்னது, உருண்டை நீளம், வழவழப்பு சொரசொரப்பு. பெரிய கொட்டையா பாத்து நாலு விதமான விதையை கலந்து வெச்சு முட்டை அட்டையில தனித்தனியா போடச் சொல்லுங்க. எதை வெச்சு பிரிக்கணும்னு நீங்க சொல்லாதீங்க. எங்க பொண்ணு ஒரு தடவை "சத்தம் வர்றது, வராதது"ன்னு பிரிச்சா, தட்டுல போட்டா டங்குன்னு கேக்கிறது ஒரு பக்கம் கேக்காதது ஒரு பக்கம்.

இன்னொண்ணு செஞ்சு பாருங்க. எட்டு காராமணியை நெருக்கமா ஒரு வரிசை, அதுக்கு கீழ இன்னொரு எட்டை தள்ளித்தள்ளி ஒரு வரிசை வெச்சு எதுல அதிகம்னு கேட்டா, அஞ்சு வயசு பிள்ளை நீளமா இருக்கிறதுலதான் அதிகம்னு அடிச்சு சொல்லும், எண்ணிப் பாத்த பிறகும் சொல்லும். அது மக்கு பிள்ளைன்னு அர்த்தம் இல்ல. பியாஜேன்னு சுவிட்சர்லாந்துல ஒரு அறிஞர் இதையெல்லாம் குழந்தைங்களோட உக்காந்து பாத்து எழுதி வெச்சிருக்கார், ஆறு ஏழு வயசு வாக்குலதான் இது பிடிபடும். அதுவரைக்கும் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல, இன்னும் கொஞ்ச நாள் விதையோட விளையாடட்டும்.

ரெண்டாவது: பத்து பயறு, ஒரு ஈரத்துணி

பச்சைப்பயறு பத்து எண்ணி ராத்திரி ஊற வெச்சு, காலையில தண்ணியை வடிச்சுட்டு ஈரத்துணியில முடிஞ்சு வைங்க. ஏன் பத்துன்னா, முளைச்சது ஏழுன்னா முளைக்காதது மூணுன்னு பத்து குழி அட்டையில வெச்சா கண்ணுக்கு அப்படியே தெரியும், பத்துக்கு எது எது ஜோடின்னு மனப்பாடம் பண்ணாமலே மனசுல நிக்கும். மறுநாளோ அதுக்கு மறுநாளோ வெள்ளை முளை எட்டிப் பாத்துடும், சின்ன பிள்ளைங்களுக்கு அதுக்கு மேல பொறுமை இருக்காது, அதனாலதான் மொதல்ல பயறுல ஆரம்பிக்கச் சொல்றேன். பெரிய பிள்ளைன்னா விதை பாக்கெட் லேபிள்ல முளைப்புத்திறன் இத்தனை சதவீதம்னு போட்டிருக்கிறதை காட்டி, பத்து விதை போட்டு அது நெஜமான்னு பாக்கச் சொல்லுங்க. பத்துக்கு ஏழுன்னா நூத்துக்கு எழுபதுன்னு அங்க இருந்து போகலாம்.

கூடவே இன்னொரு துணியில பாசிப்பருப்பை பத்து வைங்க, ஒடைச்ச பருப்பு. அது முளைக்காது, ஊறி வீங்கி நாறிப் போகும். ஏன் இது முளைக்கலன்னு பிள்ளை கேக்கும். ஊறுன பயறு ஒண்ணை தோலை உரிச்சு ரெண்டா பிரிச்சு காட்டுங்க, இது அரை, அதுவும் அரை, ரெண்டும் சேந்தாத்தான் முழுசு, அந்த ரெண்டு அரைக்கும் நடுவுல ஒட்டிக்கிட்டு இருக்கிற துளியூண்டு குருத்துதான் செடியா வரும், பருப்பு உடைக்கும்போது அது போயிடுது. அரைன்னா என்னன்னு எத்தனை ஆப்பிள் படம் வரைஞ்சாலும் இந்த அளவுக்கு புரியாது. தனியாவும் இப்படித்தான், ஒரு உருண்டையை தேச்சா ரெண்டா பிரியும், ஆனா அது ரெண்டுமே தனித்தனி விதை, ரெண்டும் முளைக்கும். பருப்பு ரெண்டானா ஒண்ணும் வராது, தனியா ரெண்டானா ரெண்டு செடி வரும். இந்த வித்தியாசத்தை எங்க வீட்ல ஒரு வாரம் பேசிட்டு இருந்தாங்க.

மூணாவது: விதைக்கிற அன்னிக்கு

விதையை எத்தனை ஆழத்துல போடணும்னா அதோட பருமனைப் போல ரெண்டு மூணு மடங்கு, அவ்வளவுதான். கீரை விதையை மேலாக்க தூவி மண்ணை லேசா மூடுனா போதும். மல்லாட்டைக்கு பிள்ளை விரல்ல ரெண்டு கணு வரைக்கும் குழி, வெண்டைக்கு ஒரு கணு. விரல்ல பேனாவால கோடு போட்டு விட்டுடுங்க, கோடு மண்ணுக்குள்ள மறையற வரைக்கும் குத்தணும். பிள்ளைங்களுக்கு இது ரொம்ப பிடிக்கும்.

அடுத்து இடைவெளி. தரையில பாத்தி இருக்கிறவங்க வெண்டைக்கு வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்கு செடி 30 சென்டிமீட்டர் விடணும். இதை சென்டிமீட்டர்ல சொல்லாதீங்க மொதல்ல. வரிசைக்கு ஒரு முழம், செடிக்கு ஒரு சாணும் நாலு விரக்கடையும்னு சொல்லுங்க, பூக்காரம்மாகிட்ட முழம் போட்டு பூ வாங்குறதை பிள்ளை தினமும் பாக்குது, அதுக்கு முழம் தெரியும். எங்க அக்கா வீட்ல என்ன ஆச்சுன்னா, ஒரு வரிசை மாமா போட்டார், ஒரு வரிசை பையன் போட்டான், ரெண்டு பேரும் சாண் போட்டுத்தான் அளந்தாங்க. மாமா வரிசையில அஞ்சு குழி, பையன் வரிசையில ஒம்போது குழி. ஒரே நீளம், ஒரே ஒரு சாண், எப்படி இப்படி ஆச்சுன்னு ரெண்டு பேரும் கையை கையை வெச்சு பாத்து சிரிச்சாங்க. அப்ப யாரு அளந்தாலும் ஒரே மாதிரி வரணும்னா என்ன பண்றதுன்னு பையனே கேட்டான், உள்ள போய் அக்காவோட நீள ஸ்கேலை எடுத்துட்டு வந்தான், அது 30 சென்டிமீட்டர். ஸ்கேல் எதுக்குன்னு அவனுக்கு இனிமே யாரும் சொல்லித்தர வேணாம். அதனால நீங்க ஆரம்பத்துலயே ஸ்கேலை நீட்டாதீங்க, சாண்ல அளந்து வம்பு வரட்டும்.

முட்டை அட்டையில மண்ணு போட்டு கீரையோ வெந்தயமோ குழிக்கு ஒண்ணுன்னு போட்டா, பெருக்கல் தானா வந்துடும். ஆறு ஆறா அஞ்சு வரிசை, அட்டையை திருப்பி வெச்சா அஞ்சு அஞ்சா ஆறு வரிசை, எப்படி வெச்சாலும் முப்பதுதான். ஆறஞ்சு முப்பது, அஞ்சாறு முப்பதுன்னு வாய்ப்பாட்டுல ரெண்டு தடவை படிக்கிறது ஒரே அட்டைன்னு ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக்கு காட்டிடலாம். சில குழியில ஒண்ணுமே முளைக்காது. அந்த குழியை காட்டி இதுல எத்தனைன்னு கேட்டா மொதல்ல பிள்ளை முழிக்கும், "இல்ல"ன்னு சொல்லும். அந்த இல்லதான் பூஜ்யம். ரெண்டு செடி, ஒரு செடி, பூஜ்யம் செடின்னு பக்கத்துல பக்கத்துல பாக்கும்போது பூஜ்யமும் ஒரு நம்பர்தான்னு புரியுது.

தண்ணி ஊத்துறது

தினமும் செய்யற வேலைங்கறதால இதுலதான் கணக்கு ஊறும். தொட்டிக்கு ரெண்டு டம்ளர், எட்டு தொட்டி, சொம்புல எத்தனை டம்ளர் பிடிக்கும், எத்தனை சொம்பு தூக்கிட்டு வரணும், இதெல்லாம் அதுவே தெரிஞ்சுக்கணும். நெட்டையான பாட்டில்லயும் குட்டையான கிண்ணத்துலயும் ஒரே அளவு பிடிக்கும்னு ஊத்தி பாத்தாத்தான் நம்பும். பாட்டி வீட்ல பழைய படி, ஆழாக்கு இருந்தா பரண்ல இருந்து எடுங்க. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. அப்ப படிக்கு எட்டு ஆழாக்கு. மணலை அள்ளி அள்ளி ஊத்தி பாக்கட்டும். பாதி, பாதியில பாதி, அதுல பாதின்னு போறது கையிலயே தெரியும், அரை, கால், அரைக்கால்னு நம்மகிட்ட ஒவ்வொண்ணுக்கும் தனிப்பேரே இருக்கு, அதையும் சொல்லிக்குடுங்க, இந்த வார்த்தைங்க போயிடக்கூடாதுன்னு எனக்கு ஒரு ஆசை.

நாலாவது: ஈர்க்குச்சி

இந்த முறையில எனக்கு ரொம்ப பிடிச்சதே இதுதான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தென்னங்கீத்துல இருந்து ஒரு ஈர்க்குச்சியை எடுத்து செடி பக்கத்துல நட்டமா பிடிச்சு, செடி உயரத்துக்கு சரியா ஒடிச்சிடணும். அந்த குச்சியை பழைய காலண்டர் அட்டையில ஒட்டி கீழ தேதி போடணும். அடுத்த வாரம் அடுத்த குச்சி, பக்கத்துலயே, அடி எல்லாம் ஒரே கோட்டுல இருக்கணும். நாலஞ்சு வாரத்துல படிக்கட்டு மாதிரி ஏறிட்டே போகும். எழுதப் படிக்க தெரியாத பிள்ளைக்குக்கூட புரியும். எந்த வாரம் அதிகமா வளந்துச்சு, எந்த வாரம் கம்மி, ஏன், அந்த வாரம் ஊருக்கு போயிட்டோமே தண்ணி ஊத்தலயே, இப்படி பேச்சு வளரும். பெரிய பிள்ளை ஸ்கேல் வெச்சு ரெண்டு குச்சிக்கும் எவ்வளவு வித்தியாசம்னு கழிச்சு பாக்கட்டும்.

செடி பூத்ததும் இதழை எண்ணுங்க. வெண்டைப்பூவுக்கு அஞ்சு, செம்பருத்திக்கு அஞ்சு (ஒத்தை செம்பருத்தியா இருக்கணும், அடுக்கு வேணாம்), இட்லிப்பூவுக்கு நாலு. வெண்டைப்பூ ஒரே நாள்தான் இருக்கும், காலையிலயே போய் பாக்கணும். வெண்டைக்காயை குறுக்க வெட்டுனா பெரும்பாலும் அஞ்சு அறை, நட்சத்திரம் மாதிரி. அதை மஞ்சத்தண்ணியில முக்கி காகிதத்துல அச்சு குத்தி ஒரு பெரிசு ஒரு சின்னது, ஒரு பெரிசு ஒரு சின்னதுன்னு போட்டு அடுத்து என்ன வரும்னு விட்டுடுங்க, மிச்சத்தை அது பாத்துக்கும்.

நாள் கணக்குக்கு சிறுகீரை நல்லது, இருபது இருபத்தஞ்சு நாள்ல பிடுங்கிடலாம். காலண்டர்ல விதைச்ச தேதியை வட்டம் போட்டு தினமும் ஒரு கோடு. நாலு கோடு போட்டு அஞ்சாவதை குறுக்க போடற வழக்கத்தை காட்டுங்க, அஞ்சஞ்சா எண்ண வந்துடும்.

தப்பா எண்ணுனா என்ன பண்றது

தப்புன்னு சொல்லாதீங்க. ஒண்ணையே ரெண்டு தடவை எண்ணும், ஒண்ணை விட்டுடும், வாய் வேகமா போகும் கை மெதுவா போகும். ஒவ்வொரு விதையையும் தொட்டு இந்த பக்கத்துல இருந்து அந்த பக்கம் தள்ளிக்கிட்டே எண்ணச் சொன்னா முக்கால்வாசி சரியாயிடும். எண்ணி முடிச்ச உடனே "அப்ப மொத்தம் எத்தனை?"ன்னு கேட்டா சில பிள்ளைங்க திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணும், கடைசியா சொன்ன நம்பர்தான் மொத்தம்ங்கறது இன்னும் பிடிபடலன்னு அர்த்தம், நாலு வயசுல அது சாதாரணம். நீங்க பண்ண வேண்டியது அடுத்த தடவை வேலைக்கு அனுப்புறதுதான். பத்தலைன்னா திரும்ப போகும், மிச்சம் ஆனா திரும்ப கொண்டு போய் வெக்கும். எத்தனை மிச்சம்னு எண்ணுனா கழித்தல் ஆச்சு.

பிள்ளை மண்ணுல மண்புழுவை பாத்துட்டு உக்காந்துடுச்சுன்னா அன்னிக்கு கணக்கை விட்டுடுங்க. நான் ஆரம்பத்துல என் பொண்ணை இழுத்து இழுத்து எண்ண வெச்சேன், ரெண்டு வாரம் மாடிக்கே வர மாட்டேன்னுட்டா.

மழை மாசத்துல

ஐப்பசி கார்த்திகையில வெளிய போக முடியாது, ஸ்கூலும் பாதி நாள் லீவு. அப்ப பல்லாங்குழியை எடுங்க. பதினாலு குழி, நாங்க குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை போட்டு ஆடுவோம், மொத்தம் எழுபது. கையில இருக்கிறது எந்த குழியில போய் முடியும்னு பாத்து எடுத்தாத்தான் ஜெயிக்க முடியும், அதனால மனக்கணக்கு தானா வரும். அஞ்சு வயசுக்கு கீழ இருக்கிற பிள்ளைக்கு விதி எல்லாம் வேணாம், ஒவ்வொரு குழியிலயும் ஒண்ணு ஒண்ணா போட்டுட்டு போறதே போதும். நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில தேச்சு வெள்ளையாக்கி உருட்டி விட்டா தாயக்கட்டை ஆச்சு, எத்தனை வெள்ளை விழுந்துச்சோ அத்தனை கட்டம்.

வெயில் வந்ததும் ஒரு நாள் பாண்டி தாவரவியல் பூங்காவுக்கு கூட்டிட்டு போங்க. 1826-ல ஆரம்பிச்ச தோட்டம் அது. இந்த வருஷத்துல இருந்து அதை கழிச்சு பாரு, தோட்டத்துக்கு எத்தனை வயசுன்னு மூணாவது படிக்கிற பிள்ளையை கேக்கலாம். ஆளுங்க கையை கோத்து ஒரு மரத்தை கட்டிப்பிடிச்சா எத்தனை பேர் வேணும்னும் பாருங்க. பண்ருட்டி பக்கத்துல எங்க சொந்தக்காரங்க கொல்லையில 2011 டிசம்பர் 30-ல அடிச்ச 'தானே' புயல்ல பழைய பலாமரம் எல்லாம் சாஞ்சுது, அதுக்கு அடுத்த வருஷம் நட்ட கன்னுதான் இப்ப காய்க்குது. அங்க போறப்ப எல்லாம் பிள்ளைங்க மரத்துக்கு வயசு போட்டு, "என்னை விட இத்தனை வயசு பெரிசு"ன்னு கணக்கு போட்டுட்டு அதை அண்ணன்னு கூப்பிடுதுங்க.

அறுவடை

வெண்டைக்காய் பறிச்சதும் பத்து பத்தா வாழைநார்ல கட்டச் சொல்லுங்க. மூணு கட்டு, மிச்சம் நாலு. முப்பத்தி நாலு. மூணு எந்த மூணு, நாலு எந்த நாலுன்னு எழுதுற நம்பர்ல காட்டுங்க. பத்தாம் இடம் ஒண்ணாம் இடம்னு போர்டுல கோடு போட்டு சொல்லித்தர்றதுக்கு நாலு நாள் ஆகிறது இங்க ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுது எங்க வீட்ல. கட்டு ஒண்ணு அஞ்சு ரூபான்னு பக்கத்து வீட்டு ஆயாவுக்கு வித்து, பத்து ரூபா குடுத்தா மீதி குடுக்கட்டும். உழவர் சந்தைக்கு போனா ஒரு கிலோ கீரை எவ்வளவு பெருசா இருக்கு, ஒரு கிலோ பூசணி எவ்வளவு சின்னதா இருக்குன்னு தராசுகிட்ட நிக்க வெச்சு பாக்க விடுங்க.

எல்லா காயையும் பறிச்சிடாதீங்க. நல்ல செடியா பாத்து ஒரு காயை மட்டும் முத்தி காய விடுங்க, அடையாளத்துக்கு நூல் கட்டிடுங்க. எங்க வீட்ல அந்த காயை உடைக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு நம்பர் சொன்னோம், நான் முப்பதுன்னு சொன்னேன், பொண்ணு நூறுன்னு சொன்னா. பத்து குழி அட்டையில அடுக்குனா நாலு தடவை ரொம்பி மேல ஏழு, நாப்பத்தி ஏழு. ஒரே ஒரு விதையில வந்த செடியில ஒரே ஒரு காய்ல நாப்பத்தி ஏழு. பழைய கல்யாணப் பத்திரிகையை மடிச்சு சின்ன சின்ன கவர் செஞ்சு, கவருக்கு அஞ்சுன்னு போட்டு தெருவுல எத்தனை வீட்டுக்கு குடுக்கலாம்னு கணக்கு போட்டா. ஒம்போது வீடு, ரெண்டு விதை மிச்சம். அந்த ரெண்டு எதுக்குன்னு நான் கேக்கவே இல்ல, தொட்டிக்கு ரெண்டுன்னு சொல்லிக்கிட்டே அவளே டப்பாவுல போட்டு மூடி வெச்சா.